பெயர் ஒன்று; ஆள் இரண்டு!

தெருவில் நின்று "முருகா!" என்று கூப்பிட்டால், நாலு வீட்டுக் கதவு திறக்கும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். குலசாமி பெயரை அண்ணன் பிள்ளைக்கும் வைப்பார்கள். தம்பி பிள்ளைக்கும் வைப்பார்கள். வீட்டுக்குள் இது வேடிக்கை. வாக்காளர் பட்டியலில் இதே குழப்பம் வந்தால்? ஓட்டே போய்விடும்!

ஒருவருக்கு ஒரு பதிவு

ஒருவருடைய பெயர் இரண்டு தொகுதிகளில் இருக்கக்கூடாது. ஒரே தொகுதியில் இரண்டு தடவை இருக்கவும் கூடாது. இது 1950-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். ஆகவே, இரட்டைப் பதிவுகளைத் தேடி நீக்குகிறார்கள். 2025 டிசம்பரில் தமிழ்நாட்டு வரைவுப் பட்டியல் வெளியானபோது, இந்தக் காரணத்தால் விடுபட்டவை சுமார் 3 லட்சத்து 39 ஆயிரம் பதிவுகள்.

எண்ணுவது எப்படி?

பல பட்டியல்களில் ஒரு பெயர் எத்தனை தடவை வருகிறது? முதலில் எல்லாப் பட்டியல்களையும் ஒன்றன் கீழ் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். எது எந்தப் பட்டியலில் இருந்து வந்தது என்று பக்கத்திலேயே குறிக்க வேண்டும். பிறகு அகர வரிசைப்படுத்த வேண்டும். ஒரே பெயர்கள் அடுத்தடுத்து வந்து நிற்கும், எண்ணிவிடலாம். கம்ப்யூட்டர் இதைக் கண் மூடித் திறப்பதற்குள் செய்துவிடும்.

ஆனால், கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியும், ஆள் தெரியாது! "மு.முருகன்" என்று ஓரிடத்தில் இருக்கிறது. "மு. முருகன்" என்று, நடுவே சிறிது இடம் விட்டு, இன்னோர் இடத்தில் இருக்கிறது. நமக்கு ஒரே ஆள். அதற்கு இரண்டு பேர்! "லட்சுமி", "லெட்சுமி" கதையும் இதுதான். தாத்தா முருகனும் பேரன் முருகனுமோ அதற்கு ஒரே ஆள்!

ஆகவே, பெயரோடு தகப்பனார் அல்லது கணவர் பெயர், வயது, விலாசம் எல்லாவற்றையும் ஒத்துப் பார்க்க வேண்டும். அடையாள அட்டை எண் மட்டும் போதுமா? அதுவும் போதாது. வெவ்வேறு மாநிலங்களில் சிலருக்கு ஒரே எண் கொடுக்கப்பட்டிருந்தது. எண் ஒன்றாக இருப்பதாலேயே போலி வாக்காளர் என்று சொல்ல முடியாது என்று 2025 மார்ச்சில் தேர்தல் கமிஷனே விளக்கம் தந்தது.

நாம் செய்ய வேண்டியது

வரைவுப் பட்டியல் வந்ததும், வீட்டில் உள்ள எல்லோருடைய பெயரையும் பாருங்கள். பெயர் இல்லையா? படிவம் 6 கொடுங்கள். வீடு மாறினீர்களா? படிவம் 8. இரண்டு இடத்தில் இருக்கிறதா? ஒன்றை நீக்கப் படிவம் 7.

பெயரை எண்ணக் கம்ப்யூட்டர் போதும். ஆளை அறிய, வீட்டுக் கதவைத்தான் தட்ட வேண்டும்!