எல்லோரும் ஓடிய நாள்

1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி, வியாழக்கிழமை. உயிர்த்த ஞாயிறு கழிந்து நான்காம் நாள். சித்திரை வருடப்பிறப்புக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. பெரும்போக நெல் வீடு வந்து சேர்ந்து, சிறுபோகத்துக்கு எப்போது தண்ணீர் திறப்பார்கள் என்று தம்பலகாமத்து விவசாயிகள் கந்தளாய்க் குளத்தை எதிர்பார்த்திருக்கும் பருவம் அது. அன்று காலை ஏழு மணியளவில் திருகோணமலை உலகச் செய்தியாகிவிட்டது. யப்பானின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய 120க்கும் மேற்பட்ட விமானங்கள் துறைமுகத்தின் மீதும் சீனன்குடா விமானத் தளத்தின் மீதும் குண்டு பொழிந்தன.

இது நடந்து எண்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. மாண்டவர்களை நினைத்தால் சிரிப்பு வராது. ஆனால் இடம்பெயர்ந்தவர்களின் கண்கொண்டு அன்றைய செய்தியை வாசித்தால், சில இடங்களில் சிரிக்காமல் இருக்கவும் முடியவில்லை. ஏனெனில் அது எல்லோரும் ஓடிய நாள்.

யார் யார் ஓடினார்கள்?

முதலில் ஓடியவை கப்பல்கள். ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பில் குண்டு விழுந்திருந்தது. 8ஆம் திகதி எதிரிக் கப்பல்கள் மீண்டும் நெருங்குவதாகத் தகவல் வந்ததும், திருகோணமலைத் துறைமுகத்தில் நின்ற கப்பல்களை இரவோடிரவாக வெளியேறும்படி பணித்தார்கள். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும், கப்பல்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் இல்லையென்று அடிபட்டுப் பிடித்த துறைமுகம் இது. ஆபத்து வந்த அன்று, அதற்கு வெளியே போவதுதான் பாதுகாப்பு என்றாகிவிட்டது!

அப்படி வெளியேறியவற்றுள் ஒன்று ஹேர்மீஸ். பெயர் விமானந்தாங்கிக் கப்பல். அன்று அதில் ஒரு விமானமும் இருக்கவில்லை. கலப்பையை வீட்டில் விட்டுவிட்டு உழப் போன கதைதான். நம் சிரிப்பு இங்கே நின்றுவிடுகிறது. மட்டக்களப்புக் கடலில் யப்பானிய விமானங்கள் அதைக் கண்டு மூழ்கடித்தன. 300க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

பிரித்தானியரின் கிழக்குக் கடற்படைத் தளபதி அட்மிரல் சோமர்வில் அப்போது மாலைதீவின் அட்டுத் தீவுகளில் நின்றார். அவர் தம் பழைய போர்க்கப்பல்களை ஆபிரிக்காவின் கென்யாக் கரையிலுள்ள கிளிண்டினிக்கு அனுப்பிவிட்டு, மற்றவற்றுடன் பம்பாய்க்குப் போனார். அடித்தவர்களும் நிற்கவில்லை. யப்பானியத் தளபதி நகுமோ அடித்த கையோடு கிழக்கே திரும்பினார். இரண்டு மாதங்களுக்குள் அந்த ஐந்து கப்பல்களில் மூன்று மிட்வே சண்டையில் மூழ்கின. கரையிறங்கப் போகிறார்கள் என்று நாடே நடுங்கிக் காத்திருக்க, யப்பானியர் பிறகு வரவேயில்லை.

நகரத்து மக்களும் ஓடினார்கள். துறைமுகத் தொழிலாளரும் கடைக்காரரும் மூட்டை முடிச்சுகளுடன் உள்ளூர்ப் பக்கம் போனார்கள்.

ஓட்டம் ஒன்று, பெயர் இரண்டு

வேடிக்கை என்னவென்றால், அட்மிரல் ஓடினால் சரித்திர நூல்களில் அதற்குப் பெயர் 'தந்திரோபாயப் பின்வாங்கல்'. துறைமுகக் கூலியாள் ஓடினால் அதற்குப் பெயர் 'பீதி'. அட்மிரல் செய்ததில் பிழையில்லை. பலம் மிகுந்த எதிரியின் முன்னே நின்றிருந்தால் கப்பலும் போயிருக்கும், ஆளும் போயிருக்கும். பிள்ளையை இடுப்பிலும் சட்டியைத் தலையிலும் வைத்து ஓடிய தாய்க்கும் அதே நியாயம் உண்டல்லவா? "ஓடி வந்தவர்கள்தானே" என்று யாராவது உங்களை இளக்காரமாகச் சொன்னால், அட்மிரலின் கதையைச் சொல்லுங்கள்.

செய்தியில் இடம்பெற்றவை

அன்று சீனன்குடாவில் ஒரு எண்ணெய்க் குதம் தீப்பற்றியது. ஏழு நாட்கள் எரிந்தது என்பார்கள். அதன் இலக்கம் 91 என்பதுகூட இன்றும் நினைவில் இருக்கிறது. பிரித்தானியர் கட்டிய 101 குதங்களில் எஞ்சியவை 99. அவற்றையும் ஒவ்வொன்றாக எண்ணி, 2022 ஜனவரியில் ஒப்பந்தம் எழுதினார்கள்: இந்திய எண்ணெய்க் கம்பனியின் இலங்கை நிறுவனத்துக்கு 14, இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டும் சேர்ந்து நடத்த 61. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். ஆனால் அந்த வாரம் ஓடிய குடும்பங்களுக்கோ இலக்கமும் இல்லை, பெயரும் இல்லை.

சோற்றைப் பற்றிய செய்தியும் பின்பக்கத்துக்குப் போய்விட்டது. நாம் தின்ற அரிசியில் பெரும்பகுதி அப்போது வெளிநாட்டிலிருந்து, முக்கியமாகப் பர்மாவிலிருந்து வந்தது. 1942 மார்ச்சில் இரங்கூன் யப்பானியர் கையில் விழுந்ததும் அந்த வழி அடைபட்டது. குண்டு விழுந்தது சிறிது நேரம்; அரிசித் தட்டுப்பாடோ ஆண்டுக்கணக்கில் நீடித்தது. பங்கீட்டு அரிசியும் குரக்கனும் மரவள்ளியுமே சனங்களைக் காப்பாற்றின. ஒரு நாட்டுக்குப் பீரங்கியைப் போலவே வயலும் அரண் என்பதை அந்தப் பஞ்சம் காட்டியது.

திரும்பி வந்த கதை

ஓடிய கடற்படை 1944இல் திருகோணமலைக்குத் திரும்பியது. வந்த கப்பல்களிடம் யாரும் கிராம அலுவலரின் கடிதம் கேட்கவில்லை. "உங்கள் காணி உறுதி எங்கே? எல்லைக்கல் எங்கே?" என்றும் கேட்கவில்லை. 2006இல் ஓடிய சம்பூர் மக்கள், கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்களில் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்து, 2015இலிருந்தே படிப்படியாகத் திரும்ப முடிந்தது. கடற்படையிடம் கேட்காத கேள்விகளை விவசாயியிடம் கேட்பார்கள், நாளையும் கேட்பார்கள்.

ஆகவே நம் செய்தியை நாமே எழுதி வைப்போம். ஒரு அப்பியாசக் கொப்பி போதும். எந்தத் திகதியில் வெளியேறினோம், எந்த வழியால் போனோம், எங்கெங்கே தங்கினோம் என்று எழுதுங்கள். வயலின் பெயர், பரப்பளவு, நான்கு எல்லைகளிலும் யார் காணி, உறுதி அல்லது அனுமதிப்பத்திர இலக்கம், கிணறு, தென்னை, பனை, மாடுகளின் எண்ணிக்கை ஆகியவற்றையும் குறியுங்கள். பெரியவர்கள் சொல்லட்டும், பிள்ளைகள் எழுதட்டும். பக்கத்துக் காணிக்காரரின் கையொப்பத்தையும் வாங்கி, ஒரு பிரதியை வேறு வீட்டில் வையுங்கள். எரிந்த எண்ணெய்க் குதத்துக்கே இலக்கம் இருக்கிறதென்றால், நீங்கள் உழுத வயலுக்கு இருக்கக் கூடாதா?