பாசறையும் சின்னத்திரையும்

போரைப் பாடிய பழந்தமிழ்ப் புலவர் களத்தோடு நின்றாரல்லர். பாசறையினுள்ளும் புகுந்து நோக்கினர். முல்லைப்பாட்டு மன்னன், புண்பட்ட யானைகளையும் அம்பு பாய்ந்து உணவு மறந்த குதிரைகளையும் மாண்ட வீரரையும் எண்ணித் துயிலிழந்து கிடக்கின்றான். நெடுநல்வாடை மன்னனோ, நள்ளிரவில் வாடைக்காற்றிலே விளக்குகள் அசைய, காயமுற்ற மறவரிடம் தானே சென்று ஆறுதலளிக்கின்றான். படைவீரர் வாழ்க்கையைப் பொருளாகக் கொண்ட தொலைக்காட்சி நாடகங்களை மதிப்பிடப் புகுவார்க்கு இவ்விரு பாட்டும் ஏற்ற அளவுகோல்களாம்.

படுவான்கரையில் வாழும் எமக்குப் போர் நாடகமென்றதும் நினைவில் எழுவது வடமோடிக் கூத்தே. வட்டக்களரியிலே கட்டியகாரன் வரவு கூற, மத்தளம் முழங்க ஆடி வருவோர் அரசரும் அரசகுமாரருமே. அவர் படையிற் சென்று மடிந்த ஆயிரவர்க்குப் பெயருமில்லை, பாடத் தருவுமில்லை. தொலைக்காட்சி இந்நிலையை மாற்றிற்று. கிழமைதோறும் ஒரே குழுவினரைக் காட்ட வேண்டிய தொடர்நாடகம் எந்நாளும் போரைக் காட்டுதல் இயலாது, செலவு மிகும். ஆகவே பயிற்சி, உணவு, கடிதம், பகடி, காத்திருப்பு ஆகியனவே கதையாயின. வறுமை கலைக்கு உதவிய இடங்களுள் இதுவும் ஒன்று!

1989இல் இந்தியத் தூரதர்ஷன் ஒளிபரப்பிய 'ஃபௌஜி' என்னும் இந்தித் தொடர் இதற்குச் சான்று. முன்னாள் படையதிகாரியாகிய கேணல் கபூர் அதனை இயக்கினார். அதிரடிப்படைப் பயிற்சி பெறும் இளைஞர் கதை அது. அக்காலத்தில் அறிமுக நடிகராயிருந்த ஷாருக் கான் ஏற்ற பாத்திரத்தின் பெயர் அபிமன்யு. (பாரதம் கற்றோர்க்கு அப்பெயரைக் கேட்டதும் பதின்மூன்றாம் நாட் போர் நினைவில் வந்து நெஞ்சு பதறும்.) தொடர் இனியதே, ஆயின் பயிற்சிக்களத்தின் வேலிக்கு அப்பால் அது மிகுதியாகப் பார்ப்பதில்லை.

இக்குறை அதற்கு மட்டும் உரியதன்று. எம் பேச்சில் 'முகாம்' என்ற சொல்லுக்கு இரு பொருள் உண்டு: படை தங்குவதும் முகாம், அகதிகள் தங்குவதும் முகாம். 2007இல் படுவான்கரை மக்கள் வாவியைக் கடந்து இரண்டாவது வகை முகாம்களில் வாழ நேர்ந்தது. படை நாடகங்கள் பெரும்பாலும் முதல்வகை முகாமையே அறியும். படை கடந்து செல்லும் ஊர் அவற்றுக்கு வெறும் பின்திரை. வெள்ளாவெளி மாணவன் அவற்றைப் பார்க்குங்கால் வீரனோடு சேர்ந்து நடக்கின்றான். தன் வீட்டு முற்றத்தை அங்கே காண்பதில்லை.

விதிவிலக்கும் உண்டு. கொரியப் போர் 1950 முதல் 1953 வரை மூன்றாண்டே நடந்தது. அப்போரின் படை மருத்துவமனையொன்றைக் காட்டிய 'மாஷ்' என்னும் அமெரிக்கத் தொடரோ 1972 முதல் 1983 வரை ஓடிற்று. நகைச்சுவை நாடகமாயினும் புண்பட்டோர் அருகிருந்த வகையில் அது நெடுநல்வாடைக்கு உறவுடையது. அதன் இறுதிப் பகுதியில் மருத்துவர் ஒருவர் மனம் கலங்கிக் கிடக்கின்றார். அகதிகளோடு பேருந்தில் ஒளிந்திருந்தபோது, ஒலி எழாதிருக்க ஒருத்தி கோழியொன்றைக் கொன்றாள் என்றே அவர் முதலில் நினைவுகூர்கின்றார். பகைவர் செவிக்கு அழுகை எட்டாதிருக்க அத்தாய் மூச்சடக்கியது தன் குழந்தையை என்பது பின்னரே அவர் நினைவுக்கு வருகின்றது.