பொறுத்தலும் பிரிவின்மையும்

தமிழிலே பொறுத்தல் என்னும் சொல்லுக்குச் சுமத்தல் என்பது முதற்பொருள். பாரத்தைத் தலையிலே தாங்குவது போலப் பிறர் செய்த பிழையை மனத்திலே தாங்கி, எதிர் செய்யாது நிற்றலே பிழை பொறுத்தல் என வழங்கலாயிற்று. வள்ளுவர் பொறையுடைமை என்னும் அதிகாரத்திலே, தன்னைத் தோண்டுவோரையும் சுமக்கும் நிலத்தை உவமையாக வைத்ததும் இப்பொருள் பற்றியேயாம்.

ஆயினும், சுமப்பவன் வேறு, சுமை வேறு. பாடசாலையிலே சண்டையிட்ட மாணவர் இருவரை அழைத்து, ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்ளும்படி ஆசிரியர் சொல்கிறார். இருவரும் தலையசைக்கின்றனர். மறுநாள் அவர்கள் ஒரே வாங்கிலே அமர்வதில்லை. பிழை பொறுக்கப்பட்டது, பிரிவு நீங்கவில்லை. வளர்ந்தோர் நிலையும் பெரும்பாலும் இதுவே. ‘நான் உன்னைப் பொறுத்தேன்’ என்னும்போது, ‘நான் மேலோன், நீ கீழோன்’ என்னும் எண்ணம் அதற்குள்ளே ஒளிந்திருப்பதும் உண்டு. நம்முடைய ஞானியர் கண்ட பொறுமை இதனின் வேறானது. அது யாது என்பதை இரண்டு வரலாறுகளைக் கொண்டு ஆராய்வோம்.

முதலாவது, 12ஆம் நூற்றாண்டிலே சேக்கிழார் பாடிய பெரிய புராணத்திலுள்ள மெய்ப்பொருள் நாயனார் வரலாறு. திருக்கோவலூரிலிருந்து சேதி நாட்டை ஆண்ட அவ்வரசரிடம் பலமுறை தோல்வியுற்ற முத்தநாதன் என்பான், போரால் வெல்லுதல் அரிது எனக் கண்டு, சிவனடியார் வேடம் பூண்டான். உடம்பெல்லாம் திருநீறு, கையிலே புத்தகக் கட்டு, கட்டினுள்ளே ஆயுதம். வாயில் காப்போர் தடுக்கவில்லை. பள்ளியறை வாயிலில் நின்ற தத்தன் என்னும் மெய்காவலன், அரசர் துயிலும் வேளை என்றான். அவனையும் கடந்து உள்ளே புகுந்தான். கிடைத்தற்கரிய ஆகம நூலொன்றை உபதேசிக்க வந்ததாகக் கூறி, அரசியை அப்பாற் செல்லச் செய்தான். அரசர் அவனை உயர்ந்த இருக்கையிலே இருத்தித் தாம் நிலத்தில் அமர்ந்து வணங்கினார். அவன் புத்தகத்தை அவிழ்ப்பவன் போல ஆயுதத்தை எடுத்துத் தான் நினைத்ததைச் செய்து முடித்தான்.

தத்தன் வாளோடு பாய்ந்தான். வீழ்கின்ற அரசர் அவனைத் தடுத்தார். வந்தவன் நம்மவன் என்றும், அவனுக்கு இடையூறு நேராமல் ஊருக்கு அப்பால் கொண்டுபோய் விடுக என்றும் கட்டளையிட்டார்.

‘நம்மவன்’ என்னும் இக்கருத்தைச் சிறிது நின்று நோக்குதல் வேண்டும். தமிழ்மொழி, கேட்போரை உளப்படுத்திச் சொல்லும்போது ‘நாம்’ என்றும், அவரை விலக்கிச் சொல்லும்போது ‘நாங்கள்’ என்றும் வேறுபடுத்தும். உலகிலே பல மொழிகளுக்கு இந்த வசதி இல்லை. (நம் நாட்டுப் பேச்சு வழக்கிலே ‘நாங்கள்’ என்பதே இரண்டிற்கும் வழங்குவதைப் பலகாலும் கேட்கிறோம்; இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர்கள் இதனைக் கவனித்தல் நன்று.) அரசர் தம்மையும் தத்தனையும் கொலைஞனையும் ஒரே ‘நாம்’ என்னும் வட்டத்துள் அடக்கிவிட்டார். அங்கே பொறுப்பவன் ஒருவன், பொறுக்கப்படுபவன் ஒருவன் என்ற பிளவுக்கே இடமில்லை.

இரண்டாவது வரலாறு நம் காலத்தை அடுத்தது. 1879ஆம் ஆண்டு திருச்சுழியிலே பிறந்த வேங்கடராமன் என்னும் சிறுவன், மதுரையிலே கல்வி பயின்ற காலத்தில், வீட்டுக்கு வந்த பெரிய புராணத்தைப் படித்து உள்ளம் நெகிழ்ந்தான். 1896ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் எவர்க்கும் கூறாது வீட்டை விட்டுப் புறப்பட்டு, செப்டெம்பர் 1ஆம் நாள் திருவண்ணாமலையை அடைந்தான். கையிலிருந்த பணம் குறைந்தமையால் வழியிலே நடக்க நேர்ந்தது. அவ்வாறு நடந்து தங்கிய இடங்களுள் ஒன்று திருக்கோவலூர்க் கீழூர்ச் சிவாலயம். மெய்ப்பொருள் நாயனாரின் ஊரே அது. அச்சிறுவனே பின்னர் இரமண மகரிஷி எனப் போற்றப்பட்டார்.

1922ஆம் ஆண்டு மகரிஷிகளின் தாயார் அழகம்மையார் சமாதியடைந்தபின், மலையடிவாரத்திலே அச்சமாதியைச் சூழச் சில கொட்டில்கள் எழுந்தன. ஆசிரமம் என்பது அன்று அவ்வளவே. 1924ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் நள்ளிரவுக்குச் சற்று முன்னர்த் திருடர் சிலர் அங்கே புகுந்தனர். எடுக்கத்தக்க பொருள் ஒன்றும் இல்லை என்றும், வேண்டுமானால் உள்ளே வந்து எடுத்துக்கொள்ளலாம் என்றும், தாம் வெளியேறி வழிவிடுவதாகவும் மகரிஷிகள் அவர்களுக்குச் சொன்னார். கறுப்பன் என்னும் நாயைத் திருடர் துன்புறுத்தக்கூடும் என எண்ணி, அதனை முதலில் வேறிடம் சேர்ப்பித்தார். பின்னர் அனைவரும் வெளியே வந்தபோது, வாயிலில் நின்ற திருடர் தடியால் அடித்தனர். ஓரடி மகரிஷிகளின் இடத் தொடையிலே விழுந்தது. சீடர் ஒருவர் இரும்புக் கம்பியுடன் எதிர்க்க முற்பட்டார். மகரிஷிகள் அவரைத் தடுத்து, அவர்கள் தொழில் அவர்களுக்கு, சாதுக்களாகிய நம் தருமத்தை நாம் விடலாகாது என்னும் கருத்தை உணர்த்தினார். பல் நாவைக் கடித்துவிட்டால் பல்லைப் பெயர்த்து எறிவாருண்டோ என்றும் வினவினார்.

இந்தப் பல்லும் நாவும் பற்றிய வினாவிலே ஒரு தத்துவமே அடங்கியிருக்கிறது. நாக்கு பல்லைப் பொறுக்கிறது என்று எவரும் சொல்வதில்லை. வலி உண்டு, குருதியும் வரலாம், பகை மட்டும் எழுவதில்லை. ஏன்? இரண்டும் ஓருடம்பின் உறுப்பு என்னும் உணர்வு ஆராயாமலே நிற்பதனால். அவ்வுணர்வு உள்ள இடத்திலே பொறுத்தல் என்பது தனியே முயன்று செய்யவேண்டிய ஒரு செயலாக இல்லை.

இரு வரலாறுகளும் ஒன்றே என்று விரைந்து கூறிவிடுதல் தகாது. சைவ சித்தாந்திகள் உயிர்கள் பல என்பர். அத்துவிதம் என்னும் சொல்லுக்கு ஒன்று எனப் பொருள் கொள்ளாது, இரண்டன்மை எனக் கொள்வர். அந்நெறியிலே உயிருக்கு உயிராய் நிற்கும் இறைவன் ஒருவனே ஆதலின், அவனுடைய திருவேடத்தை எங்கே கண்டாலும் நாயனார் வணங்கினார். அணிந்தவன் வஞ்சகன் என்பது வணக்கத்தைத் தடுக்கவில்லை. மகரிஷிகள் கண்டதோ ஆன்மா ஒன்றே என்னும் நெறி. வாதம் செய்வோர் செய்க. செம்பிற் களிம்புபோல உயிரைப் பற்றியிருப்பது ஆணவம் என்று சித்தாந்தம் கூறினும், அகந்தை என்று மற்றையோர் கூறினும், உன்னையும் என்னையும் பிரித்து நிறுத்துவது ‘நான்’ என்னும் அந்த முனைப்பே என்பதில் இரு சாராரும் உடன்படுவர்.

இனி, தீமையை இவ்வாறு விட்டுவிட்டால் உலகம் நடைபெறுமா என்னும் கேள்வி நியாயமானது. திருடர் சில நாட்களிற் பிடிபட்டுத் தண்டனையும் பெற்றனர். அரசு தன் கடமையைச் செய்தது. அதனை மகரிஷிகள் மறிக்கவில்லை. உள்ளத்திலே பகையில்லாமை வேறு, நீதி நடவாமை வேறு. முன்னதைக் காட்டிப் பின்னதைக் கேட்போர் வாயை அடைப்பது பெரும் பிழை.

நெடும்போர் 2009ஆம் ஆண்டில் ஓய்ந்த நம் நாட்டிலே இக்கேள்வி ஏட்டுக் கேள்வியன்று. பொறுத்துவிடுங்கள் என்று மேடையிலே நின்று சொல்வது எளிது. நாயனார் பொறுத்தது தம் உடம்பிலே பட்ட காயத்தை. மகரிஷிகள் பொறுத்தது தம் தொடையிலே பட்ட அடியை. பிள்ளையைத் தேடும் தாய்க்கு இதனைக் கட்டளையாக இடும் உரிமை எவருக்கும் இல்லை. அது அவளிடத்தே எழுந்தால் எழும். எழும்வரை அவள் பக்கத்திலே இருப்பதே ஏனையோர் செய்யத்தக்கது.

நாயனார் வரலாற்றிலே என் உள்ளத்தை அதிகமாகக் கவர்பவன் தத்தனே. செய்தி அறிந்த நகர மாந்தர் கொலைஞனைச் சூழ்ந்தனர். தத்தன் அரச கட்டளையைச் சொல்லி அவர்களை விலக்கினான். பகைவனைக் கொல்ல உருவிய வாளை, பகைவனைக் காக்கவே ஏந்திச் சென்றான். ஆள் நடமாட்டமற்ற காட்டிலே அவனை விட்டுத் திரும்பினான். அதுவரை அரசர் அச்செய்தியைக் கேட்பதற்காகவே உயிர் தாங்கியிருந்தார்.