‘பொறி’ உணர்த்தும் செயலுரிமை: ஊழ், மூளை, இயந்திரம்

முன்னுரை

தமிழில் ‘பொறி’ என்னும் சொல் மெய், வாய், கண், மூக்கு, செவி என்னும் ஐந்தையும் குறிக்கும், ஊழையும் குறிக்கும், இயந்திரத்தையும் குறிக்கும். மனிதன் தன் செயலைத் தானே தொடங்குகிறானா, இயந்திரத்திற்குச் செயலுரிமை உண்டா என்னும் வினாக்கள் இன்று மூளை ஆய்விலும் செயற்கை நுண்ணறிவிலும் எழுந்துள்ளன. வள்ளுவருக்குக் கோயில் அமைந்த மயிலாப்பூருக்குச் சில கல் தொலைவில், அடையாற்றை அடுத்துள்ள சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருவில் வளரும் மூளையின் 5132 வெட்டுப்படலங்களைக் கொண்ட ‘தரணி’ என்னும் படத்தொகுப்பை 2024இல் வெளியிட்டது. மூளையின் அமைப்பை இத்துணை நுண்மையாகக் காண இயலும் இக்காலத்தில், செயலுக்கு உரியவர் யார் என்பதைத் தமிழ் மரபு எவ்வாறு வரையறுக்கிறது என ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முந்தி நிற்பது

1983இல் பென்ஜமின் லிபெட் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றோர் தாம் விரும்பிய கணத்தில் கையை அசைத்தனர். அசைவிற்கு ஏறத்தாழ அரை விநாடிக்கு முன்பே மூளையில் ஆயத்த மின்னழுத்தம் தொடங்கியது. அசைக்கும் எண்ணம் தோன்றியதாக அவர்கள் உணர்ந்ததோ, அசைவிற்கு ஐந்தில் ஒரு பங்கு விநாடிக்கு முன்னரே. எண்ணத்தை மூளை முந்திவிட்டது என்பது இதன் பொருளாகக் கொள்ளப்பட்டது. அவ்வழுத்தம் முடிவைக் காட்டுவதன்று, மூளையின் இயல்பான ஏற்ற இறக்கங்கள் திரண்டதன் விளைவே என 2012இல் ஆரோன் ஷூர்கர் குழுவினர் மாற்று விளக்கம் தந்தனர்.

இவ்வாய்விற்கு நெருங்கிய கருத்து ‘ஊழ்’ அதிகாரத்தின் இறுதிக் குறளில் (380) உள்ளது. ஊழை விலக்க வேறொன்றை எண்ணினும், அவ்வெண்ணத்தின் வழியாகவோ பிறிதொன்றின் வழியாகவோ ஊழ் வந்து முற்பட்டு நிற்கும் எனப் பரிமேலழகர் அதற்கு உரை காண்கிறார். விலக்க முனையும் எண்ணமும் ஊழின் வழியதே என்பது இவ்வுரையின் நுட்பம். எண்ணமும் மூளை நிகழ்வே எனக் கொள்ளும் இன்றைய அறிவியலார்க்கு இது புதிதாகத் தோன்றாது.

ஆயினும் வள்ளுவர் அவ்விடத்தில் நின்றுவிடவில்லை. ‘ஆள்வினை உடைமை’ அதிகாரத்தில் (618) பொறி இல்லாமை எவர்க்கும் பழியாகாது என்றும், அறிய வேண்டியவற்றை அறிந்து முயலாமையே பழி என்றும் கூறுகிறார். இங்குப் ‘பொறி’ என்பதற்குப் பரிமேலழகர் விதி எனப் பொருள் கொள்கிறார். உறுப்பு எனக் கொள்வாரும் உளர். எப்பொருள் கொள்ளினும் குறளின் வரையறை மாறவில்லை. எது முந்தியது என்பது 380இன் வினா. பழி எங்கே சேரும் என்பது 618இன் வினா. லிபெட்டின் கருவிகள் அளந்தது முன்னதை மட்டுமே.

உணர்வும் செயலும்

‘நான் செய்கிறேன்’ என்னும் உணர்வும் செயலும் எப்போதும் இணைந்திருப்பதில்லை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற நரம்பியலறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன், இடப்பக்கம் செயலிழந்தும் தம் கை இயங்குவதாகவே உறுதியாகக் கூறும் நோயாளிகளை ஆராய்ந்துள்ளார். உணர்வு மட்டுமே செயலுரிமைக்குச் சான்றாகாது என்பதை இது காட்டுகிறது.

தானே இயங்கும் பொறி

சிலப்பதிகார அடைக்கலக் காதை மதுரை மதிலின் பொறிகளை அடுக்குகிறது. அவற்றுள் வளைவிற்பொறியைத் தானே வளைந்து எய்யும் இயந்திர வில் என உரையாளர் விளக்குவர். சீவக சிந்தாமணியில் விசயை மயிற்பொறியை வலமாகத் திருக அது எழுகிறது. இடமாகத் திருக இறங்குகிறது. அவள் மயங்கியபின் அப்பொறி சுடுகாட்டில் இறங்குகிறது. வில் எய்ததற்கும் மயில் இறங்கியதற்கும் அப்பொறிகளைப் பழிப்பார் இலர். இயக்கம் உண்டு, ‘அறிந்து முயலுதல்’ இல்லை.

இலக்கண மரபு இதனை மேலும் தெளிவாக்குகிறது. ‘கொத்தன் வீடு கட்டினான்’ என்பதில் கொத்தன் இயற்றுதற் கருத்தா; ‘அரசன் கோயில் கட்டினான்’ என்பதில் அரசன் ஏவுதற் கருத்தா. செயப்படுபொருளைச் செய்தது போலக் கூறுவதும் வழக்கே எனத் தொல்காப்பிய வினையியல் ஒப்புகிறது. ‘திண்ணை மெழுகிற்று’ என்பது உரையாசிரியர் காட்டு. இத்தொடரைக் கேட்போர் மெழுகியவர் ஒருவர் உளர் என்பதை அறிவர். ‘கணினி கடனை மறுத்தது’ என்னும் இன்றைய தொடரும் இத்தகையதே. ஆனால் இங்கு மறுக்கும் விதியை வகுத்தவரும், அதனைப் பயன்படுத்த ஏவியவரும் கேட்போர் நினைவிலிருந்து மறைந்துவிடுகின்றனர். வழக்காக ஏற்ற தொடர், பழியைத் துறக்கும் வழியாகிவிடுகிறது.

முடிவுரை

உறுப்பு, ஊழ், இயந்திரம் ஆகிய மூன்றையும் தமிழ் ஒரே சொல்லால் குறித்தது. மூன்றும் மனிதன் செயலுக்கு முன்னரும் அதனூடும் நின்று இயங்குவன. அவற்றின் வலிமையை வள்ளுவர் மறுக்கவில்லை. எனினும் பழியை அறிந்தும் முயலாதவரிடமே வைத்தார். மூளை முந்தினும் இயந்திரம் முந்தினும் இவ்வரையறை பொருந்தும். எனவே தானியங்கும் பொறியால் ஒருவர்க்குத் தீங்கு நேருமிடத்து, பொறிக்கு விருப்பம் உண்டா என்பதற்கு முன் அதன் ஏவுதற் கருத்தா யார், அவர் அறிந்திருந்தது என்ன என்பவையே கேட்கப்பட வேண்டிய வினாக்களாகும்.