இரண்டாவது படிகம்

வேதியியல் மாணவர்களுக்கும் பி.ஃபார்ம் மாணவர்களுக்கும் ஆய்வகத்தில் தொடக்கத்திலேயே கைவரும் வேலைகளில் ஒன்று மறுபடிகமாக்கல். தயாரித்த பொருளைச் சூடான கரைப்பானில் கரைத்து, சூட்டோடு வடிகட்டி, ஆறவிட வேண்டும். நெடுநேரமாகியும் ஒன்றும் விழவில்லையென்றால், கண்ணாடிக் கம்பியால் பீக்கரின் உட்சுவரைச் சுரண்டச் சொல்வார்கள். சுரண்டிய இடத்தை ஒட்டி முதலில் ஒரு வெள்ளைக் கீற்று தெரியும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஊசி ஊசியாகக் கரைசல் முழுக்கப் பரவிவிடும். பொருளைச் சுத்தப்படுத்தும் முறை என்று ரெக்கார்டு நோட்டில் எழுதிவிட்டு அடுத்த சோதனைக்குப் போய்விடுகிறார்கள். அந்தக் கீற்றுக்கு இன்னும் அதிக நேரம் ஒதுக்க வேண்டும் என்பேன்.

ஆறிய கரைசலில், அது தாங்கக்கூடிய அளவுக்கும் மேலாகப் பொருள் கரைந்திருக்கிறது. மூலக்கூறுகள் சின்னச் சின்னக் கூட்டங்களாகச் சேர்கின்றன, உடனே கலைகின்றன. ஓரளவுக்கு மேல் வளர்ந்த கூட்டம்தான் நிலைத்துப் படிகமாகிறது. அந்த எல்லையைத் தாண்ட ஒரு பிடிமானம் வேண்டும். கீறல் போதும், சில வேளைகளில் தூசியும் போதும். எல்லாவற்றையும்விடச் சிறந்தது அதே பொருளின் ஒரு துணுக்குப் படிகம். அதை வித்து என்பார்கள். கற்கண்டு காய்ச்சுகிறவர்கள் பாகில் நூல் கட்டுவதும் இப்படிப் பிடிமானம் கொடுக்கத்தான்.

ஒரே மூலக்கூறு ஒரே விதமாகத்தான் அடுக்கப்பட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கடையில் வாங்கும் பாராசிட்டமாலில் இருப்பது அதன் முதல் வடிவம். அந்தத் தூளை அப்படியே அழுத்தினால் மாத்திரையாகச் சரியாகப் பிடிக்காது, பிணைப்பதற்கு வேறு பொருள்கள் சேர்க்க வேண்டும். இரண்டாவது வடிவத்தில் மூலக்கூறுகள் தட்டையான அடுக்குகளாக இருப்பதால் எளிதாக அழுந்தும். ஆனால் அதன் நிலைப்புத்தன்மை குறைவு.

அடுக்கு மாறுவதால் எவ்வளவு பெரிய சிக்கல் வரும் என்பதற்கு ரிட்டோனாவிர்தான் சாட்சி. எச்.ஐ.வி.க்கு எதிரான இந்த மருந்தை அபாட் நிறுவனம் 1996-இல் அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. திட வடிவில் உடல் அதைச் சரியாக உறிஞ்சாததால், ஆல்கஹால் கலந்த கரைசலாக்கிக் கேப்ஸ்யூலில் அடைத்தார்கள். மருந்து கரைந்த நிலையில் இருந்ததால் படிகத்தைப் பற்றிக் கவலைப்படக் காரணம் தெரியவில்லை. 240 தொகுதிகள் எந்தக் குறையும் இல்லாமல் வெளிவந்தன.

1998-இல் கேப்ஸ்யூல்கள் கரைதிறன் சோதனையில் தோற்கத் தொடங்கின. உள்ளே அதுவரை யாரும் பார்த்திராத படிகம் விழுந்திருந்தது. மூலக்கூறு அதேதான். அதன் ஒரு பகுதி மட்டும் எதிர்ப்பக்கமாகத் திரும்பி, பக்கத்து மூலக்கூறுகளோடு இன்னும் வலுவான ஹைட்ரஜன் பிணைப்புகளைப் போட்டிருந்தது. பிணைப்பு வலுவானதால் படிகத்தின் நிலைப்பு கூடியது, கரைதிறன் விழுந்தது. பழைய வடிவத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால் கேப்ஸ்யூல் கரைசல் தெவிட்டாதது. புதிய வடிவத்துக்கோ அது பல மடங்கு அதிதெவிட்டிய கரைசல். வித்து ஒன்று விழ வேண்டியதுதான் பாக்கி என்ற நிலையில் இரண்டு ஆண்டுகள் அது கடைகளில் இருந்திருக்கிறது!

அதன் பிறகு நடந்ததை முதன்முதலில் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. புதிய வடிவம் தலைகாட்டியதும் பழையதைத் தயாரிப்பதே கடினமாகிவிட்டது. அமெரிக்காவில் புதிய படிகத்தோடு வேலை செய்த குழுவினர் இத்தாலியில் இருந்த தொழிற்சாலைக்குப் போனார்கள். சிறிது காலத்தில் அங்கேயும் அது தோன்றியது. உடையிலோ காற்றிலோ போகும் கண்ணுக்குத் தெரியாத துணுக்கு ஒன்று வித்தாக இருக்கப் போதும். முதல் வித்து எப்படி வந்தது? மருந்து சிதைந்து உண்டான வேறொரு பொருள் அச்சுபோல உதவியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் பின்னர் கருதினார்கள்.

கேப்ஸ்யூல் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. நாள் தவறாமல் மருந்து சாப்பிட்டே ஆக வேண்டிய நோயாளிகள், வாயில் வைக்க முடியாத அளவுக்குக் கசந்த திரவ மருந்துக்கு மாற வேண்டியிருந்தது. அன்று எய்ட்ஸ் நோயாளிகளுக்கு வேறு வழிகள் அதிகம் இல்லை என்பதை நினைத்தால் அந்த மாதங்களின் கனம் புரியும். குளிர்பதனத்தில் வைக்க வேண்டிய புதிய கேப்ஸ்யூல் 1999-இல் வந்தது. வெளியிலேயே வைக்கக்கூடிய மாத்திரைக்கு 2010 வரை காத்திருக்க நேர்ந்தது. மருந்தைப் பாலிமரோடு சேர்த்து உருக்கி, படிகமாகவே விடாமல் இறுக வைத்த மாத்திரை அது. 2021-இல் கோவிட்டுக்கு வந்த பாக்ஸ்லோவிட்டில் துணை மருந்தாக இருப்பதும் இதே ரிட்டோனாவிர்தான். முதன்மை மருந்தைக் கல்லீரல் சீக்கிரம் சிதைத்துவிடாமல் அது தடுக்கிறது.

இன்று எந்தப் புதிய மருந்தானாலும், வெவ்வேறு கரைப்பான்களிலும் வெப்பநிலைகளிலும் அதைப் படிகமாக்கி, எக்ஸ்-கதிர் விளிம்பு வளைவால் ஒவ்வொரு தூளையும் சோதித்து, எத்தனை வடிவங்கள் உண்டு என்று தேடிப் பார்த்த பிறகே தயாரிப்புக்குப் போகிறார்கள். கணினியில் முன்கூட்டியே கணிக்கவும் முயல்கிறார்கள். ரிட்டோனாவிரைப் போல இவ்வளவு துருவி ஆராயப்பட்ட மருந்துகள் குறைவு. அப்படியிருந்தும் சில ஆண்டுகளுக்கு முன், அதை உருக்கிக் குளிரவைத்துப் பார்த்த ஆய்வாளர்களுக்கு மூன்றாவது படிக வடிவம் ஒன்று கிடைத்திருக்கிறது.