கட்டளைச் சுருக்கங்கள்

நிரல் எழுதும் மாணாக்கர்க்கு இந்நாளில் ஓர் அநுகூலம் வாய்த்திருக்கின்றது. 2019-ஆம் ஆண்டு முதல் வழங்கிவரும் 'கோட்-சர்வர்' என்னும் எடிட்டரை எங்கோ உள்ள கணினியில் 'டாக்கர்' கொள்கலனுள் இயக்கி, நாம் உலாவியின் வழியே அதனைத் திறந்து எழுதலாம். ஆயின் அக்கொள்கலனைத் தொடங்குங் கட்டளையோ மிக நீண்டது. 8080 என்னும் துறையெண், அடைவு, பெயர் யாவும் அதனுள் அடங்கல் வேண்டும். நாடோறும் அதனை முழுதுந் தட்டுவது வீண் சிரமமே. அதனைத் தொடங்குங் கணினியில் 'ஏலியஸ்' என்னுங் கட்டளையால் அதற்கு ஈரெழுத்துப் பெயர் சூட்டிவிடின், பின்னர் அப்பெயரே போதும்.

கொள்கலனுள்ளும் இவ்வாறே. எடிட்டரில் அமைந்த முனையத்தில் 'கோட்-சர்வர்' என்றெழுதிக் கோப்பின் பெயரை அடுத்திட்டால், அக்கோப்பு உலாவியிலேயே திறக்கும். இதனையுஞ் சுருக்கலாம்.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. முனையத்தில் மட்டும் இட்ட சுருக்கம் அம்முனையம் மூடியவுடன் மறையும். கொள்கலனின் 'பாஷ்-ஆர்சி' கோப்பில் எழுதியதோ, கொள்கலன் நிறுத்தப்படினும் நிற்கும். நீக்கப்படின் உடன் ஒழியும். அதனுள் வைத்த ஓராண்டு நிரல்களுக்கும் அக்கதியே! தொடக்கக் கட்டளையில் 'ஆர்எம்' குறியைச் சேர்த்தவர்க்கு நிறுத்துதலே நீக்குதலாம். பெயரிட்ட 'வால்யூம்' ஒன்றை வீட்டடைவுடன் பிணைத்துவிடின், கொள்கலன் போயினும் அவை எஞ்சும். அப்பிணைப்பையும் முதலிற் கூறிய நெடுங்கட்டளையிற் சேர்த்தே சுருக்கிக்கொள்ளலாம்.