அரங்கேறும் குரலைக் காக்கும் வழி

காவிரிக்கரைக் கொடுமுடியில் 1908-ஆம் ஆண்டு பிறந்து, சிறு பிராயத்திலேயே மேடையேறி, ஒலிபெருக்கி நாடகக் கொட்டகைகளை எட்டாத காலத்தில் கடைசி வரிசைப் பாமரனுக்கும் ஒவ்வோர் எழுத்தும் திருத்தமாகக் கேட்கும்படி பாடிய கே. பி. சுந்தராம்பாள் அம்மையார், 1935-இல் 'நந்தனார்' படத்திலும் 1953-இல் 'ஔவையார்' படத்திலும் அதே கம்பீரத்தோடு ஒலித்து, 1969-ஆம் ஆண்டுக்கான தேசிய விருதைத் 'துணைவன்' படத்தில் பாடியதற்காகப் பெற்றபோது அறுபது வயதைக் கடந்திருந்தார். அத்தகைய சாரீரத்தைத் தெய்வ கடாட்சம் என்று போற்றுவதோடு நாம் திருப்தியடைந்துவிடுகிறோம். இயற்கையின் கொடை அதில் உண்டு என்பது மெய்யே. ஆயினும் குரல் என்பது சரீரத்தின் ஓர் உறுப்பு செய்கின்ற வேலை. மற்ற உறுப்புகளைப் போலவே அதுவும் உழைத்தால் களைக்கும், வருத்தினால் புண்படும், ஓய்வு கொடுத்தால் தேறும். இந்த உண்மையை அறியாமல் இளமையிலேயே குரலிழக்கும் கலைஞர்கள் கிராமக் கூத்துக் களத்திலும் நகரத்து நாடக மேடையிலும் இருப்பதனால்தான் இதை விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

குரல்வளைக்குள் நடப்பது என்ன?

மூச்சுக்குழலின் தலைப்பில் அமைந்த குரல்வளைக்குள் இரண்டு குரல்நாண்கள் இருக்கின்றன. வளர்ந்த ஆண்மகனுக்குக்கூட அவற்றின் நீளம் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர்தான். நுரையீரலிலிருந்து எழும் காற்று அவற்றின் நடுவே பாயும்போது, சாதாரணப் பேச்சில் ஆண்களுக்கு விநாடிக்குச் சுமார் 100 முதல் 130 தடவையும், பெண்களுக்குச் சுமார் 200 தடவையும் அவை ஒன்றோடொன்று மோதிப் பிரிகின்றன. உச்ச ஸ்தாயியில் பாடும்போது இந்த எண்ணிக்கை பன்மடங்கு பெருகுகிறது. ஒரு பெண் ஒரு மணி நேரம் இடைவிடாமல் குரல் எழுப்பினால் 7 லட்சம் மோதல்களுக்கு மேல் நிகழ்ந்துவிடும் என்று கணக்கிட்டுப் பார்த்தால், அந்த மெல்லிய சவ்வுக்கு ஈரமும் ஓய்வும் எவ்வளவு அவசியம் என்பது விளங்கும்.

அளவு மீறிக் கத்துவதைப் பல நாள் தொடர்ந்தால், மண்வெட்டி பிடிப்பவனின் உள்ளங்கை காய்த்துப்போவது போல, நாண்களில் மோதல் மிகுந்த இடத்தில் இரு பக்கமும் சிறு முடிச்சுகள் தோன்றுகின்றன. ஒரே ஓர் ஆவேசக் கூச்சலில்கூட நுண்ணிய இரத்தக்குழாய் வெடித்து, நாணில் இரத்தம் கட்டிக்கொள்வதுண்டு. முடிச்சுகள் ஆரம்ப நிலையில் கண்டறியப்பட்டால், பெரும்பாலும் கத்தியின்றியே, குரல் பயிற்சியாலும் பழக்க மாற்றத்தாலும் கரைந்துபோகின்றன. கவனியாது விட்டவர்களுக்கே சிகிச்சை நீள்கிறது.

மகரக்கட்டு என்னும் சோதனை

சிறுவர்களே நடித்த நாடகக் குழுக்களாகிய பாய்ஸ் கம்பெனிகள் கோலோச்சிய நாளில், ஸ்திரீ பார்ட்டும் பால பார்ட்டும் ஏற்றுக் கொட்டகையையே மயக்கிய பிள்ளைகளுக்கு குரல் உடையும் மகரக்கட்டுப் பருவமே பெருஞ்சோதனையாக இருந்தது. பிற்காலத்தில் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் 'உத்தம புத்திரன்' (1940) படத்தில் இரட்டை வேடம் தாங்கியும், கோவை பட்சிராஜாவின் 'ஜகதலப்பிரதாபன்' (1944) படத்தில் நடித்தும் புகழின் உச்சியை எட்டிய பி. யு. சின்னப்பாவும், மகரக்கட்டினால் நாடகக் கம்பெனியை விட்டு விலகி, அந்த இடைக்காலத்தில் சங்கீதமும் சிலம்பமும் பயின்றவரே.

அப்பருவத்தில் குரல்வளை விரைந்து வளர, நாண்கள் நீண்டு தடிக்க, ஆண்பிள்ளையின் சுருதி ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்குகிறது. இது நோயன்று, வளர்ச்சியே. ஆதலால், பள்ளிக்கூட நாடகங்களுக்கும் கும்மிக் குழுக்களுக்கும் பிள்ளைகளைப் பழக்கும் ஆசான்கள், குரல் உடையும் மாதங்களில் பழைய உச்சத்தை எட்டும்படி அவர்களை வற்புறுத்தாமல், எளிதில் வரும் ஸ்வரங்களுக்குள் மெல்லப் பாடவிட்டு, வசனத்தையும் தாளத்தையும் ஆட்டத்தையும் அக்காலத்தில் அதிகமாகக் கற்பிப்பது நலம்.

கொங்கு மேடைகளுக்கே உரிய தொல்லைகள்

அண்ணன்மார் சுவாமி கதையை உடுக்கை அடித்து இரவிரவாகப் பாடுகிறவரும், சேலம், நாமக்கல், ஈரோட்டுப் பக்கத்துக் கூத்துகளில் பொழுது விடியுமட்டும் வேஷம் கட்டி நிற்கிறவரும் ஏற்கும் சிரமத்துக்குச் சினிமா நடிகரின் சிரமம் ஈடாகாது. பனி இறங்கும் திறந்த வெளி, கோயில் வாசலின் புழுதி, பக்கத்தில் முழங்கும் பறையும் பம்பையும், கூட்டத்தின் இரைச்சல் ஆகிய அனைத்தும் சேர்ந்து, தம் குரல் தம் காதுக்கே கேட்காதபடி செய்யும்போது எவரும் தம்மை அறியாமலே குரலை உயர்த்திவிடுகின்றனர். ஒலிவாங்கி வந்த பின்பும் இத்துன்பம் தீரவில்லை. ஒலிபெருக்கிகள் யாவும் சபையை நோக்கியே இருப்பதால், பாடுகிறவர் தம் குரலைக் கேளாமல் ஒலிவாங்கிக்குள்ளேயே கத்துகிறார். மேடையை நோக்கி ஒரு சிறிய ஒலிபெருக்கியை வைத்துவிட்டாலே தொண்டையின் பாரம் பெரிதும் குறையும். வள்ளி கும்மியில் ஆடிக்கொண்டே பாடும் ஆசிரியர்களுக்கு இது மிகவும் இன்றியமையாதது.

1888-இல் ஸ்டேன்ஸ் துரை ஆலை நிறுவிய நாள்தொட்டுக் கோயம்புத்தூர் பஞ்சாலை நகரமாயிற்று. இயந்திர ஓசைக்கு மேலே கத்திப் பேசியும் பஞ்சுத் தூசியைச் சுவாசித்தும் பகலைக் கழித்த ஒருவர், மாலையில் ஒத்திகைக்கு வந்து நிற்கும்போது அவருடைய குரல் ஏற்கெனவே பாதி களைத்திருக்கிறது. அத்தகையோர் ஆலைக்குள் முகக்கவசம் அணிந்து, கத்துவதற்குப் பதில் சைகையால் பேசப் பழகி, ஒத்திகைக்கு முன் அரை மணி நேரமேனும் மௌனம் காப்பது உசிதம்.

உணவும் நீரும்

பருகும் நீர் குரல்நாண்களின் மீது நேராகப் படுவதில்லை. உணவுக்குழல் வழியே இறங்கி, இரத்தத்தில் கலந்து, பின்னரே அவற்றை ஈரப்படுத்துகிறது. ஆகையால் மேடையேறும் தறுவாயில் ஒரு செம்பு நீரை ஒரேயடியாகக் குடிப்பதைவிட, காலையிலிருந்தே சிறிது சிறிதாகப் பருகிவருவதுதான் பலன் தரும். ஆவி பிடிக்கும்போது ஈரம் நேரே நாண்களை எட்டுவதால், அதிக உஷ்ணமின்றி அதனைச் செய்துகொள்ளலாம்.

கூத்து முடிந்த அகாலத்தில் வயிறு புடைக்கக் காரமாக உண்டு, உடனே பாயில் சாய்வது நம் கலைஞர்களிடம் ஊறிப்போன வழக்கம். படுத்த நிலையில் இரைப்பையின் அமிலம் மேலேறிக் குரல்வளையைத் தீண்டும். நெஞ்செரிச்சல் தோன்றாமலே இது நிகழக்கூடும். காலையில் குரல் கரகரப்பதும், தொண்டையில் ஏதோ அடைத்திருப்பதாகத் தோன்றி அடிக்கடி கனைப்பதும் இதன் அறிகுறிகளாகலாம். ஆட்டத்துக்கு முன்பு போதிய ஆகாரமும் பின்பு லேசான ஆகாரமும் கொண்டு, உண்டபின் இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுப்பது நன்று. கனைத்துக்கொள்ளும் பழக்கம் நாண்களை முரட்டுத்தனமாக மோதவைப்பதால், அதற்குப் பதில் ஒரு மிடறு நீரை விழுங்குவது சிறந்தது.

புகையிலை எந்த வடிவிலும் குரலுக்குப் பகை. பீடியும் சிகரெட்டும் நாண்களை வீங்கச் செய்து குரலைத் தடிக்கவைப்பதோடு, குரல்வளைப் புற்றுநோய்க்கும் முதற்காரணமாகின்றன. வெற்றிலையோடு சேரும் புகையிலையோ வாயிலும் தொண்டையிலும் புற்றை விளைவிக்கிறது.

சாதகமும் மௌனமும்

விடியற்காலையில் மந்திர ஸ்தாயியில் தொடங்கி மெல்ல மெல்ல மேலேறும் சாதக முறையை நம் முன்னோர் வகுத்தது வீணன்று. அதன் நியாயத்தை இன்றைய குரலியலும் ஒப்புக்கொள்கிறது. மேடையேறுமுன் பத்து நிமிஷம் வாயை மூடி ரீங்காரமிடுவதும், உதடுகளைத் துடிக்கவைத்து ஒலியெழுப்புவதும், மெல்லிய உறிஞ்சுகுழலின் வழியே ஏற்ற இறக்கத்தோடு இசைப்பதும் நாண்கள் அதிக மோதலின்றி அசையப் பழக்குகின்றன. தோள்களை உயர்த்தாமல், விலா விரிய வயிறு முன்வர மூச்சிழுத்து, அந்த மூச்சின் பலத்தால் வசனத்தைச் செலுத்தினால், கழுத்து நரம்பு புடைக்க வேண்டிய அவசியமே நேராது. ஆட்டம் முடிந்ததும் மீண்டும் ஐந்து நிமிஷம் தாழ்ந்த சுருதியில் ரீங்காரமிட்டு ஓய்வது, களைத்த குரலை இளைப்பாற்றும்.

ஓய்வென்றால் மௌனமே. தொண்டை கட்டியவர் கிசுகிசுத்துப் பேசினால் குரலுக்கு நல்லது என்று நம்புவது சரியன்று. பலருக்கு அது மேலும் சிரமத்தையே தரும். பேசியே தீர வேண்டுமென்றால், இயல்பான மெல்லிய குரலில் சுருக்கமாகப் பேசலாம்.

கைமருந்தின் எல்லை

மிளகும் பனங்கற்கண்டும் இட்ட பாலும், சித்தரத்தைக் கஷாயமும், அதிமதுரத் துண்டும் தொண்டைக்கு இதமளிப்பவை என்பதில் ஐயமில்லை. ஆனால் இதமும் குணமும் ஒன்றல்ல. உப்புநீரால் கொப்பளிப்பது வாயின் பின்புறம் வரைதான் சென்று மீளும். குரல்நாண்களை அது தொடுவதில்லை. அதிமதுரத்தை நாள்தோறும் மிகுதியாக உண்டால் இரத்த அழுத்தம் ஏறவும் உடலின் பொட்டாசியம் குறையவும் கூடுமாதலால், அழுத்த நோயுள்ளவர்கள் அதனைத் தவிர்க்க வேண்டும். வலி தெரியாதபடி மாத்திரை விழுங்கிவிட்டுக் கம்மிய குரலோடு மேடையேறுவது எல்லாவற்றினும் ஆபத்தானது; வலி என்னும் எச்சரிக்கையை அடக்கிவிட்டால், சேதத்தின் அளவு ஆட்டம் முடிந்த பின்தான் தெரியவரும்.

வைத்தியரிடம் செல்லத் தாமதியாதீர்

சளி, காய்ச்சலால் கம்மிய குரல் பெரும்பாலும் ஒரு வாரத்தில் தெளியும். இரண்டு மூன்று வாரம் கடந்தும் தெளியாத குரலை, விசேஷமாகப் புகைபிடிப்பவர்கள், காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் காட்டியே ஆக வேண்டும். ஆவேச வசனத்தின் நடுவே குரல் சட்டென்று அறுந்துபோனால் அன்றே வாயை மூடி, விரைவில் பரிசோதித்துக்கொள்வது கடமை. மூச்சுவிடச் சிரமம், விழுங்கும்போது வலி, கழுத்தில் கட்டி, எச்சிலில் இரத்தம் ஆகியவை தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. 1854-இல் மனுவேல் கார்சியா என்ற சங்கீத ஆசிரியர் சிறு கண்ணாடியைக் கொண்டு தம் குரல்நாண்களைத் தாமே கண்டார். இன்றோ மெல்லிய குழல்காட்டியால் சில நிமிஷங்களில் அவற்றைத் திரையில் காண முடிகிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இத்துறை வைத்தியர்கள் இருக்கின்றனர்.

இந்தக் கடமை கலைஞர்களுக்கு மட்டும் உரியதன்று. திருவிழா நடத்தும் ஊர்ப் பெரியவர்களும் நாடகம் ஏற்பாடு செய்யும் சபையினரும், தொடர்ந்து பல இரவுகள் ஒரே ஆளைப் பாடவையாமல், இடையில் ஓர் இரவேனும் ஓய்வளித்து, மேடையருகே நல்ல குடிநீரும் ஒழுங்கான ஒலியமைப்பும் வைத்துக் கொடுக்க வேண்டும். குரல் கம்மிய கலைஞர் ஓர் இரவு வர இயலாது என்று சொன்னால், கூலியைப் பிடிக்காமலும் குறை கூறாமலும் அவருக்குப் பதில் வேறொருவரை ஏற்கும் வழக்கம் நம் ஊர்களில் வேரூன்றுமானால், இன்று இருபது வயதில் வேஷம் கட்டுகிறவர் அறுபது வயதிலும் அதே வேஷத்தில் கம்பீரமாகப் பாடுவார்.